விரலில் தொண்ணூற்றொன்பது

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி ஒன்றில் மூச்சுப் பரிசோதனை எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை. வருகிறவர்களின் மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று கத்த வேண்டும். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் எனக்கு வைத்த பெயர் ஊதுகுழல். "பிரசவ வார்டுல கூட இவ்வளவு சத்தம் வராதும்மா" என்பார்.

கத்துவதோடு விட மாட்டேன், பாடமும் எடுப்பேன். மூச்சு விடுவதற்கெல்லாம் பாடமா என்று சிரிப்பார்கள். ஆனால் நாற்பது வருஷம் புகைத்துவிட்டு வருகிற மனிதருக்குக்கூடத் தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. மூக்கிலேயே காற்று சூடாகி, ஈரமாகி, பாதித் தூசி வடிகட்டப்பட்டு இறங்குகிறது. மூச்சுக்குழல் இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, அப்படியே கிளைவிட்டுக் கிளைவிட்டு இருபது தடவைக்கு மேல் பிரிந்து, கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி காற்றுப் பைகள். கோடிக்கணக்கில். அந்தப் பைகளின் சுவர் வெங்காயச் சருகைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது.

"இப்ப பஸ் கதைக்கு வாங்க" என்பேன். "உங்க ரத்தத்துல கோடி கோடியா குட்டி பஸ் ஓடுது. நுரையீரல்தான் பஸ் ஸ்டாண்டு. ஆக்ஸிஜன் இங்க ஏறி சீட்டுல உக்காரும். மூளை, இதயம், கால் கட்டைவிரல்னு அங்கங்க எறங்கும். விரல்ல மாட்டுறோமே கிளிப்பு, அது கண்டக்டரு. நகத்து வழியா வெளிச்சம் அடிச்சு நூத்துக்கு எத்தனை சீட்டு நெறஞ்சிருக்குன்னு சொல்லிடும்."

இன்னொன்றும் சொல்வேன். "மூச்சை அடக்கிப் பாருங்க. முட்டுதா? ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சுன்னு முட்டல. கரியமில வாயு சேர்ந்துடுச்சுன்னுதான் முட்டுது. ஆக்ஸிஜன் குறைஞ்சா உடம்பு லேசுல சத்தம் போடாது."

என் அறையில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. ஒரு சிலிண்டரிலிருந்து வரும் காற்றை இழுத்து, பத்து விநாடி அடக்கி, ஊத வேண்டும். அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு துளியூண்டு கலந்திருக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண்டதும் ரத்தம் அதை அள்ளிக்கொள்ளும். உள்ளே போனதில் எவ்வளவு திரும்பி வரவில்லை என்று பார்த்தால் காற்றுப் பைகளின் சுவர் எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்யாது. தினம் பத்துப் பேருக்கு நானே கொடுக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்கு ஜன்னல் வேலை. அலுமினியச் சட்டம், கண்ணாடி, ஓரத்தில் ரப்பர் பட்டை, அதற்கு மேல் சிலிக்கான் பசை. மெயின் ரோட்டுக் கடைக்காரர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். அவன் அடைத்த அறையில் எறும்பு நுழைய வேண்டுமென்றால்கூட அவனிடம்தான் வழி கேட்க வேண்டும்.

அவன் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஆளும் சின்ன உருவம், வாயும் ஓயாது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். அவளே போனில் "குருவி பேசறேன் அண்ணி" என்பாள். வீட்டிலேயே மெஷின் போட்டு, துணிகளைப் பிடித்துக் கொடுக்கிற, விட்டுக் கொடுக்கிற தையல் வேலை. எங்கள் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள்.

போன வருஷம் பெரிய சாலையை ஒட்டி இரண்டாவது மாடியில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். குடிபோன மாதமே குருவிக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. என் அறைக்கு வரவழைத்து ஊதவிட்டேன். நூற்றுக்கு எழுபத்தொன்றுதான் வந்தது. குறைந்தது எண்பது வந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு வேலை பண்ணுடா. ஒண்ணு, வெளித் தூசி உள்ள வரக்கூடாது. ரெண்டு, வாராவாரம் போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் நல்ல சுடுதண்ணில அலசணும். மெத்தையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், அது சாகணும்."

"அக்கா, ஊரு வீட்டையெல்லாம் அடைக்கிறேன், என் வீட்டை அடைக்க மாட்டனா?"

பத்து நாளில் அடைத்துவிட்டான். ஹாலில் ஒன்று, துவைக்கிற அறையில் ஒன்று என்று இருந்த சாலைப் பக்க ஜன்னல் இரண்டையும் திறக்கவே முடியாதபடி பசை வைத்து இறுக்கினான். வாசல் கதவின் அடியில் ரப்பர் போட்டான். மூடினால் ஃபிரிட்ஜ் கதவு மாதிரி 'பொக்' என்று சத்தம் வரும். நான் போய்ச் சுற்றிப் பார்த்தேன். துணி துவைக்கிற சின்ன அறையில், கேஸ் ஹீட்டருக்கு மேலே, கூரையை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் விளிம்பெல்லாம் கறுப்புத் தூசி.

"இதை விட்டுட்டியேடா. இதுலதான் மொத்த ரோடும் உள்ள வருது."

"அது ஹீட்டருக்கு விட்டது போல இருக்குக்கா."

"ஹீட்டருக்கு எதுக்குடா ஜன்னல்? அது என்ன வெளிய வேடிக்கை பாக்கப் போகுதா?"

அவன் சிரித்தான். ஏணியில் ஏறி ஒரு தகட்டை வைத்து, சுற்றிலும் பசை இழுத்து, விரலால் நீவிவிட்டான். அழகான வேலை. அதைச் செய்யச் சொன்னவள் நான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்.

ஒரு மாதம் கழித்துக் குருவியை மறுபடி ஊதவிட்டேன். எண்பத்தொன்பது! விசில் போன இடம் தெரியவில்லை. அந்தத் தாளை எக்ஸ்ரேக்காரரிடம் காட்டி, டாக்டரிடம் காட்டி, தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, ஒரு ஆட்டம் ஆடிவிட்டேன்.

பிறகு மழையும் குளிரும் ஆரம்பித்தது. எல்லோருக்கும் குளிக்கச் சுடுதண்ணீர். வாராவாரம் துணிக்குச் சுடுதண்ணீர். அப்போதுதான் குருவி தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னோம். கண்ணில் கோளாறு இல்லை. பிறகு குமட்டல் என்றாள். அம்மா உடனே விரல் விட்டு மாதக்கணக்குப் பார்த்து, அதுவும் இல்லையென்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் அசதி என்றாள் குருவி. ஒருநாள் யாருடைய சட்டைக்கோ கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றித் தைத்துவிட்டாள். சட்டைக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். இருபது வருஷமாகத் தைக்கிறவள் அவள்.

இரண்டு வாரம் ஆனதும் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். அங்கே தலைவலி இல்லை. திரும்பி வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

எங்கள் அம்மாவுக்கு இது போதாதா?

"அதென்னடி தலைவலி, ஆத்தா வீட்டு வாசப்படி மிதிச்சதும் பறந்துடுது, மாமியார் மூஞ்சியப் பாத்ததும் வந்து உக்காந்துக்குது?"

அம்மாவுக்கும் அப்போது தலை பாரமாக இருந்திருக்கிறது. பழைய மூக்குக் கண்ணாடிதான் காரணம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். காலையில் நடக்கப் போவாள், சாயங்காலம் கீழே கேட் பக்கம் உட்கார்ந்து பேசுவாள், அதனால் பெரிதாகத் தெரியவில்லை. தம்பிக்கும் காலையில் தலை கனத்தது. பசை வாசனை என்று நினைத்தான். வீட்டிலேயே கிடந்தவள் குருவி ஒருத்திதான்.

தம்பி எனக்குப் போன் செய்தான். "அக்கா, நீ வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போ. நெசமாவே ஒண்ணு இருக்கா, இல்ல சும்மாவான்னு எனக்கே புரியல."

போனேன். கைப்பையிலேயே எப்போதும் ஒரு விரல் கிளிப் வைத்திருப்பேன். ஹாலில் எல்லோர் முன்னாலும் குருவியை உட்கார வைத்து ஆள்காட்டி விரலில் மாட்டினேன். சிவப்பாக எண் ஓடியது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அங்கேயே நின்றது. முதுகில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை.

"மூச்சு முட்டுதா?"

"இல்ல அண்ணி. தலைதான் ரெண்டா பொளக்குது."

"தொண்ணூத்தொன்பது வருதுடி. எனக்கே தொண்ணூத்தேழுதான் வரும். ஒனக்கு ஒரு கொறையும் இல்ல."

"அண்ணி, ஹீட்டர்ல நெருப்பு வேற முன்ன மாதிரி நீலமா இல்ல, மஞ்சளா எரியுது. அந்த ரூம்ல நின்னாலே..."

"மஞ்சளா எரிஞ்சா தண்ணி நல்லா சூடாகும்" என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன்.

"அப்ப நான் பொய் சொல்றேனா அண்ணி?"

இல்லடி கண்ணு என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

அவள் கிளிப்பைக் கழற்றி என் கையில் வைத்தாள். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும்" என்று முனகிக்கொண்டே எழுந்து போனாள்.

"பழமொழி சொல்றதுக்கு மட்டும் தலை வலிக்க மாட்டேங்குது பாரு" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

இதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்கு அவசர வேலை, ஏதோ கடையில் கண்ணாடி உடைந்துவிட்டதென்று கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். நான் பதினொரு மணிக்குப் போனேன். வெளியே விடாத மழை, அதனால் அம்மாவும் நடக்கப் போகவில்லை. கதவை 'பொக்' என்று மூடிவிட்டு உட்கார்ந்தேன். குருவி கண்ணெல்லாம் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னிடம் தலைவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

"போர்வையெல்லாம் அலசற நாளு அண்ணி. நீங்க பேசிட்டு இருங்க" என்று துவைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹீட்டர் 'புஸ்' என்று பற்றுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். அம்மா பேச்சை நடுவில் நிறுத்தி நெற்றியைப் பிடித்தாள். "என்னமோ பண்ணுதுடி" என்று சொல்லிக்கொண்டே தரையில் வாந்தி எடுத்துவிட்டாள். நான் துணி எடுக்க எழுந்தேன். எழுந்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. நெற்றிப் பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி வலி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பழக்கதோஷம். கை தானாகப் பைக்குள் போய்க் கிளிப்பை எடுத்தது. அம்மா விரலில் மாட்டினேன். தொண்ணூற்றொன்பது. என் விரலில் மாட்டினேன். எனக்கு எப்போதும் தொண்ணூற்றேழு. அன்றைக்குத் தொண்ணூற்றொன்பது!

"ஏய் குருவி! இங்க வா, அம்மா வாந்தி எடுத்துட்டாங்க!"

பதில் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

"ஏண்டி, கோவமா? நாளைக்குக் கோவிச்சுக்கலாம், வா!"

கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரே ஆவி. குருவி தொட்டிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். ஒரு கையில் தலையணை உறை. தண்ணீர் நிரம்பித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் சின்னக் கண்ணாடிக்குள் நெருப்பு மஞ்சளாக ஆடியது. அதற்கு மேலே சுவரில் கைவிரித்த மாதிரி கறுப்புப் புகைக்கறை.

உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்தது, என்னைப் பார்க்கவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தது. இழுப்பு இல்லை, திணறல் இல்லை, தூங்குகிறவள் மாதிரி. கன்னம்கூட நன்றாகச் சிவந்திருந்தது. நம்ப மாட்டீர்கள், அப்போதும் நான் கிளிப்பைத்தான் மாட்டினேன். தொண்ணூற்றொன்பது.

மூன்று பேர். மூன்று விரல். ஒரே எண்.

ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி. யாருக்கும் மூச்சு முட்டவில்லை. எல்லா சீட்டும் நிறைந்திருக்கிறது என்கிறார் கண்டக்டர். சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

என் அறையில் மூலையில் நிற்கிற சிலிண்டர் கண்முன் வந்தது. நிறமில்லை, மணமில்லை, கண்டதும் ரத்தம் அள்ளிக்கொள்ளும் என்று தினம் பத்துப் பேரிடம் சொல்கிறேனே, அது. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டாப் வந்தாலும் இறங்காது. கிளிப்புக்கு முகம் தெரியாது, சிவப்பு நிறம்தான் தெரியும். அது உட்கார்ந்தாலும் ரத்தம் சிவப்புதான். கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும், அதனால் மூச்சும் முட்டாது. வெளியே போக வழியில்லாத அறையில், காற்றுப் போதாமல் எரிகிற நெருப்பு அதைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த ஓட்டை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே.

ஹீட்டர் குமிழைத் திருகினேன், நெருப்பு அணைந்தது. ஜன்னலைத் தள்ளினேன், அசையவில்லை. என் தம்பி வைத்த பசை, எப்படி அசையும்? குருவியின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தேன். குருவி என்று பெயர், ஈரத் துணியோடு மூட்டை மாதிரி கனத்தாள். என் கால் எனக்கே சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. தலைக்குள் சம்மட்டி. ஹாலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, கதவத் தெற! வெளிய போ!"

"என்னடி ஆச்சு அவளுக்கு? நடிக்..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெறம்மா!"

கதவு 'பொக்' என்று திறந்தது. மாடிப்படியின் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அவளைப் படிக்கட்டு வரை இழுத்துப் போட்டேன். ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு அப்போதுதான் எழுந்த எதிர்வீட்டு டிரைவர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவர், பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குருவியைத் தோளில் அள்ளிக்கொண்டு கீழே ஓடினார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் வண்டியிலேயே எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க அடிக்க எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

என் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அவசரப் பிரிவுச் செவிலிக்கு என்னைத் தெரியும். குருவி விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு, "அக்கா, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் நல்லா இருக்கே, சாப்பிடாம மயங்கிட்டாங்களோ?" என்றாள்.

"அதைக் கழட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. "கார்பன் மோனாக்சைடு. ரத்தம் எடுத்து மெஷின்ல போடு. அதுக்கு முன்னாடி மாஸ்க் போடு, முழு ஆக்ஸிஜன் திற!"

டாக்டர் ஓடி வந்தார். மூன்று பேர் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய மெஷின் சீட்டில் இருப்பவர்களை ஆள் பிரித்து எண்ணும். மூன்று நிமிஷத்தில் சின்னத் தாள் வந்தது. டாக்டர் ஒரு தரம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

அம்மாவுக்கு நூற்றுக்குப் பதினாறு. எனக்குப் பன்னிரண்டு. குருவிக்கு முப்பத்துநாலு.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீட்டு திருடு போயிருக்கிறது. மிச்ச சீட்டில் இருந்த ஆக்ஸிஜனையும் அது லேசில் இறங்கவிடாது. திரும்பிப் பார்த்தேன். செவிலி கழற்ற மறந்த கிளிப்பு குருவியின் விரலில் அப்படியே சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. நூறு என்றது.

எங்கள் மூன்று பேர் முகத்திலும் மாஸ்க். டாக்டர் குருவியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் கால் மணி நேரம் அங்க இருந்திருந்தா கஷ்டம். இப்பவும் முழிச்சு தெளிவாப் பேசினாத்தான் சொல்ல முடியும். எத்தனை நாளா தலைவலி இவங்களுக்கு?"

"அஞ்சு வாரமா சார்."

"அஞ்சு வாரமா? யாருகிட்டயும் காட்டலையா?"

நான் மாஸ்க்கை நகர்த்தினேன். "எங்கிட்ட காட்டினா சார்."

அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர். மாஸ்க்கை இழுத்து என் மூக்கில் சரியாக வைத்துவிட்டு நகர்ந்தார். ஒரு அறை அறைந்திருக்கலாம்.

தம்பி வேலை உடையோடு ஓடி வந்தான். கட்டை விரலில் காய்ந்த பசை. விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே வந்து, ஓட்டை என்று நான் சொன்னதும், அந்த விரலை எடுத்துப் பார்த்தான். பிறகு நகத்தால் பசையைச் சுரண்ட ஆரம்பித்தான். தோல் உரிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. "டேய், விடுடா" என்று கையைப் பிடித்தேன். "நீ அடைக்கச் சொன்னேக்கா" என்றான் மெதுவாக. என்னைத் திட்டவில்லை. அப்படி நடந்ததா என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

"ஆமாண்டா. நான்தான் சொன்னேன்."

நாலு மணிக்குக் குருவி கண் விழித்தாள். டாக்டர் பெயர் கேட்டார், சரியாகச் சொன்னாள். என்ன கிழமை என்று கேட்டார். யோசித்தாள்.

"போர்வை அலசற கிழமை" என்றாள்.

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அம்மா மாஸ்க்குக்குள்ளேயே அழுதாள். கண்ணாடியெல்லாம் ஆவி.

ராத்திரி வரை ஆக்ஸிஜன் போனது. முப்பத்துநாலு பதினொன்றாகி, பிறகு நாலாகி, மறுநாள் காலையில் இரண்டானது. டாக்டர் இன்னும் சில வாரம் ஞாபகமறதி வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தம்பி வெளியே போயிருந்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குருவியின் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த பாடத்தையே ஆரம்பித்தேன். பஸ், சீட்டு, கிளிப்பு ஏன் ஏமாந்தது, எல்லாம். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, நேத்து ஒங்களுக்கும் தலை வலிச்சுதா?"

"வலிச்சுது."

"கிளிப்பு மாட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தொண்ணூத்தொன்பது."

"அப்ப நீங்க எதை நம்புனீங்க? கிளிப்பையா, ஒங்க தலையையா?"



"தலையைத்தான்" என்றேன்.

"எத்தனை நேரத்துல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் வரவில்லை. எங்கள் அம்மா தினம் போன் செய்து, "கண்ணு, தலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தம்பி ஜன்னல் பசையையெல்லாம் பிளேடால் அறுத்து எடுத்தான். சுவரில் அந்தத் தகட்டைப் பெயர்த்தான். கேஸ் ஹீட்டரை ஆள் வைத்துத் திறந்த பால்கனிக்கு மாற்றி, புகை போக மேலே குழாயும் போட்டான். அந்த வாயு வந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியும் ஹாலில் மாட்டினான். வீட்டுக்குள் பழையபடி தூசி.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குருவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், வீட்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்கனியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள வாடி, ஏன் படியில உக்காந்திருக்க?"

"நீங்க மொதல்ல போங்க அண்ணி. ஒரு மணி நேரம் உக்காருங்க. அப்புறம் நான் வரேன்."

"அதான் பெட்டி மாட்டியிருக்கானே. ஏதாவதுன்னா கத்தும்."

"மெஷினெல்லாம் வேணாம். நீங்க உக்காருங்க."

கைப்பையை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். துவைக்கிற அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தம்பி கதவை மூடினான். 'பொக்' என்ற சத்தம் வரவில்லை, அடி ரப்பரையும் பிய்த்திருந்தான். சுவரில் அந்த ஓட்டை வழியாகச் சாலைச் சத்தமும் வெளிச்சமும் வந்தது. புகைக்கறை இன்னும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே என் மூச்சை எண்ணினேன். என் தலையைக் கவனித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படிக் கவனித்ததில்லை.

அரை மணி ஆனபோது வெளியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, தலை வலிக்குதா?"

"இல்லடி."

"நெசமாவா?"

"நெசமா."

பிறகு,

"நடிக்கலையே?"

பக்கத்தில் நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், தூசி பட்டதாலோ என்னவோ, அவள் நெஞ்சு லேசாக விசிலடிப்பது கேட்டது. மீதி அரை மணியும் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.